அமானிதமும் அத்தாட்சியும்

ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன செய்தியைப் பிறர் அறியாவண்ணம் காப்பது அறம். பிறரிடம் பொருள் கேட்கும் ஒருவர் அதற்குரிய அத்தாட்சியைக் காட்டுவதும் அறம். இவ்விரண்டையும் மறுப்பார் எவரும் இலர். ஆனால், இவ்விரு கடமைகளும் ஒரே மனிதர் மீது, ஒரே வேளையில், ஒரே தாளைப் பற்றி வந்து விழுமாயின் என் செய்வது? அத்தாட்சியைக் காட்டினால் அமானிதம் போய்விடுகிறது. அமானிதத்தைக் காத்தால் அத்தாட்சி இல்லாமற் போகிறது. இது வெறுங் கற்பனையன்று. இங்கிலாந்து நாட்டு நீதிமன்றங்களில் வழக்குச் செலவு பற்றிய பூசல்களில் இந்நிலை மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. அதனை நாம் இங்கு ஆராயப் புகுவது சட்டம் பயில்வதற்காக அன்று. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒவ்வொரு கூட்டுப் பணிக்கும் உரிய அறநுட்பம் ஒன்று அதில் அடங்கியிருப்பதனாலேயே ஆகும்.

இங்கிலாந்தில் ஒரு வழக்கு முடிந்த இடத்தில் மற்றொரு வழக்குத் தொடங்குகிறது எனலாம். தோற்றவர் வென்றவரின் வழக்குச் செலவைத் தருதல் அந்நாட்டின் பொது விதி. எவ்வளவு தருவது என்பதில் இரு தரப்பாரும் உடன்படாவிடின், செலவுகளை மதிப்பிடுவதற்கென்றே உள்ள நீதிபதியிடம் செல்வர். வென்றவரின் சொலிசிட்டர் ஒரு பட்டியல் தயாரிப்பார். இத்தனை கடிதங்கள் எழுதினோம், இத்தனை மணி நேரம் தஸ்தாவேஜுகளைப் படித்தோம், கட்சிக்காரருடன் இத்தனை முறை பேசினோம், பாரிஸ்டரிடம் கருத்துக் கேட்டோம், அதற்கு இத்தனை பவுண்டு என்று அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். தோற்றவரோ, “இவ்வளவு நேரம் உண்மையிலேயே செலவாயிற்றா? ஆயிற்றெனினும் அது தேவைதானா?” என்று கேட்பார். கேட்பது அவர் உரிமை. ஏனெனில் கொடுப்பது அவர் பணம்.

இத்துடன் மற்றொரு விதியும் உண்டு. வென்றவர், தம் சொலிசிட்டருக்குத் தாம் கொடுக்கக் கடமைப்பட்ட தொகைக்கு மேல் ஒரு காசும் எதிரியிடம் பெறலாகாது. செலவுத் தொகை என்பது இழப்பை ஈடு செய்வதற்கே அன்றி இலாபம் ஈட்டுவதற்கன்று. 1860-ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றில் கூறப்பட்ட இக்கொள்கையை 1910-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. வென்றவர் தம் சொலிசிட்டருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை என்ற உடன்பாடு இருந்தமையால், தோற்றவரும் ஒன்றும் தர வேண்டியதில்லை என அவ்வழக்கில் முடிந்தது. ஆகவே, வென்றவருக்கும் அவருடைய சொலிசிட்டருக்கும் இடையே கூலி பற்றி என்ன பேசப்பட்டது என்பதும் தோற்றவர் வினவத்தக்க பொருளாகிவிடுகிறது.

இவ்வினாக்களுக்கெல்லாம் விடை எங்கே உள்ளது? சொலிசிட்டரின் கோப்பில் உள்ளது. கட்சிக்காரர் வந்து பேசியபோது எழுதிய குறிப்பு, அவர் அனுப்பிய கடிதம், பாரிஸ்டருக்கு எழுதிய விளக்கம், பாரிஸ்டர் திருப்பியளித்த கருத்துரை ஆகியவையே செலவுக்குச் சான்று. ஆனால் அவையே இரகசியமும் ஆகும். “எனக்கு இந்தச் சாட்சியின் மீது நம்பிக்கையில்லை”, “என் வழக்கில் இந்த இடம் பலவீனமானது”, “அன்று நான் சிறிது கவனக்குறைவாக இருந்தேன்” என்று ஒருவர் தம் சொலிசிட்டரிடம் மனம் திறந்து சொன்னவை அனைத்தும் அங்கேதான் இருக்கின்றன.

இவ்விரகசியத்தைக் காக்கும் உரிமையை ஆங்கிலச் சட்டத்தார் ‘பிரிவிலேஜ்’ என்பர். நாம் இதனை மறைகாப்பு உரிமை என்று குறிப்போம். வக்கீல் என்னும் அரபுச் சொல்லே, தம் காரியத்தை ஒருவர் நம்பி ஒப்படைக்கும் மற்றொருவரைக் குறிப்பதாகும். நம்பி ஒப்படைத்தவர் சொன்னதை வெளியிடுபவர் வக்கீல் என்னும் பெயருக்கே பொருந்தாதவராகிறார். இங்கிலாந்தில் 1577-ஆம் ஆண்டிலேயே, தம் கட்சிக்காரரைப் பற்றிச் சாட்சி சொல்லுமாறு அழைக்கப்பட்ட ஒரு சொலிசிட்டரை நீதிமன்றம் அதினின்று விடுவித்த செய்தி பதிவாகியுள்ளது. தொடக்கத்தில் இது வழக்கறிஞரின் மானத்தைக் காக்கும் ஏற்பாடாகவே கருதப்பட்டது. பிற்காலத்தில், இவ்வுரிமை வழக்கறிஞருக்குரியதன்று, கட்சிக்காரருக்கே உரியது என்னும் தெளிவு பிறந்தது. 1833-இல் பிரௌஹாம் பிரபு இதன் காரணத்தை விரித்துரைத்தார். சட்டம் அறியாதவர் சட்டம் அறிந்தவரின் துணையின்றி நீதி பெற இயலாது. அத்துணையை நாடுபவர் அஞ்சாமல் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். சொன்னது வெளிவரும் என்றால் எவரும் சொல்லார். இதுவே அக்காரணத்தின் சாரம்.

இவ்வுரிமை எவ்வளவு உறுதியானது என்பதற்கு 1995-இல் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பொன்றைக் காண்க. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், அதே கொலையை முன்னர் ஒப்புக்கொண்டு பின்னர் மறுத்து விடுதலையான மற்றொருவர் தம் சொலிசிட்டரிடம் கூறியவற்றை வெளியிட வேண்டுமென்று கேட்டார். தலைமை நீதிபதியாக விளங்கிய டெய்லர் பிரபு முதலானோர் அதற்கு இணங்கவில்லை. கொலைக் குற்றத்திற்கு எதிராகத் தம்மைக் காத்துக்கொள்ள முயல்பவருக்கும் அக்கதவு திறக்கப்படவில்லை. அதே வேளையில், இவ்வுரிமைக்கு ஒரு வேலியும் உண்டு. குற்றம் ஒன்றைச் செய்வதற்கு வழி தேடி வழக்கறிஞரிடம் பேசிய பேச்சுக்கு இப்பாதுகாப்பு இல்லை என 1884-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளிக்கப்பட்டுள்ளது. நம்பிக்கை என்பது தீமைக்குத் திரையாகக் கூடாதன்றோ!

உயிரையும் விடுதலையையும் பற்றிய வழக்கிலேயே திறவாத கதவு, வெறும் பணத்தைப் பற்றிய பூசலில் திறக்கப்படலாமா? ஆகாது என்றே எவரும் உடனே சொல்வர். ஆனால், அவசரம் கூடாது. கொலை வழக்கில் இரகசியத்துக்கு உரியவர் எவரிடமும் எதனையும் கேட்கவில்லை. அவர் தம் வீட்டில் இருந்தார். பிறர்தாம் அவர் கதவைத் தட்டினர். செலவு வழக்கிலோ இரகசியத்துக்கு உரியவரே வெளியே வந்து, “எனக்கு இவ்வளவு தா” என்று பிறர் கதவைத் தட்டுகிறார். கேட்பவர் நிலை வேறு. கேட்கப்படுபவர் நிலை வேறு. இவ்வேறுபாடே நம் ஆராய்ச்சிக்கு ஆணிவேர்.

கொடுப்பவரின் பக்கத்திலிருந்து இதனை நோக்குவோம். வீடு கட்டிய மேஸ்திரி சிமெண்டுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று கணக்குத் தந்தால் நாம் ரசீதைக் கேட்கிறோம். “ரசீது இருக்கிறது, ஆனால் உங்களுக்குக் காட்ட மாட்டேன், பணத்தை மட்டும் தாருங்கள்” என்று அவர் சொன்னால் ஏற்போமா? வழக்கில் தோற்றவரும் மனிதரே. அவர் தவறு செய்தவராக இருக்கலாம். ஆயினும், செய்த தவறுக்குத் தண்டனையாகப் பொய்க் கணக்கையும் சுமக்க வேண்டும் என்று எந்த நீதியும் சொல்லாது. தோற்றவர் ஏழையாயிருந்தால், தீர்ப்பினும் செலவுப் பட்டியலே அவர் குடும்பத்தை வீழ்த்திவிடும். மூலத் தொகையினும் செலவுத் தொகை பெரிதாகிவிடும் வழக்குகள் அந்நாட்டில் அரியனவல்ல.

இச்சிக்கலுக்கு வெளிப்படையாகத் தோன்றும் வழிகள் மூன்று.

முதலாவது, கோப்பு முழுவதையும் திறந்துவிடுவது. அப்படிச் செய்தால் கணக்கு விளங்கும். ஆனால் வெற்றியே தண்டனையாகிவிடும். தோற்ற எதிரி, செலவைக் காரணமாகக் காட்டி, வழக்கு நடந்தபோது காண முடியாத இரகசியங்களையெல்லாம் பின்வாசல் வழியாகக் கண்டுகொள்வான். அவ்விருவருக்கிடையே வேறொரு வழக்கு நிலுவையில் இருக்கலாம், மேல்முறையீடு வரலாம். மேலும், வென்றால் கோப்புத் திறக்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர், முதல் நாளே தம் சொலிசிட்டரிடம் பாதி உண்மையைத்தான் சொல்வார்.

இரண்டாவது, எதனையும் திறவாமல் பட்டியலை அப்படியே நம்புவது. அப்போது பட்டியல் கணக்காக இராது; வரி விதிப்பாகிவிடும். நல்லவரும் தீயவரும் ஒரே எழுதுகோலால்தான் எழுதுகின்றனர். எழுத்தைப் பார்த்து உள்ளத்தை அறிவது எங்ஙனம்?

மூன்றாவது, நீதிபதி மட்டும் தனியே பார்த்துத் தீர்ப்பளிப்பது. இது முதற் பார்வையில் மிகச் சிறந்த வழியாகத் தோன்றும். நீதிபதி நடுநிலையாளர், அவரிடம் இரகசியம் சொன்னால் வெளியே போகாது, கணக்கும் சரிபார்க்கப்படும். ஆனால் ஊன்றி நோக்கின் இதிலும் குறை உண்டு. எழுதியவர் சொல்லும் விளக்கத்தோடு மட்டும் ஒரு தாளைப் படிக்கும் நீதிபதி, அதிலுள்ள ஓட்டையைக் காணாமற் போகலாம். ஓட்டை எங்கேயிருக்கும் என்பதை அறிந்தவர் எதிர்த் தரப்பாரே. இரு தரப்பாரையும் ஒருசேரக் கேளாமல் தீர்ப்பளிக்கலாகாது என்பது நம் ஃபிக்ஹு நூல்களில் காழியின் ஒழுக்கம் பற்றிய பகுதியில் வரும் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. நடுநிலை என்பது நீதிபதியின் உள்ளத்தில் மட்டும் இருந்தால் போதாது. அவர் முன் வைக்கப்படும் பொருளிலும் இருத்தல் வேண்டும்.

இம்மூன்று வழிகளுக்கும் இடையே ஆங்கில நீதிபதிகள் ஒரு நான்காம் வழியைக் கண்டனர். ஒரு செய்தித்தாள் நிறுவனம் தரப்பாக இருந்த வழக்கொன்றில் நீதிபதி ஹாப்ஹவுஸ் அளித்த தீர்ப்பு 1985-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளிவந்தது. அதன் கருத்தை நாம் இவ்வாறு சுருக்கிக் கூறலாம். செலவை மதிப்பிடும் அதிகாரி கோப்பைத் தாம் பார்ப்பதில் தடையில்லை. பெரும்பாலான சில்லறை வினாக்கள் அதிலேயே தீர்ந்துவிடும். ஆனால், உண்மை பற்றிய மெய்யான ஐயம் ஒன்றை எதிர்த் தரப்பார் எழுப்பி, அதற்கு விடை ஒரு குறிப்பிட்ட தாளில்தான் உள்ளது என்னும் நிலை வந்தால், அத்தாளுக்கு உரியவரிடம், “இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்க” என்று சொல்லப்படும். அத்தாளை எதிரிக்குக் காட்டி அதனை ஆதாரமாகக் கொள்ளலாம். அன்றி, அதனை மறைத்து வைத்துக்கொண்டு வேறு சான்றால் தம் கோரிக்கையை மெய்ப்பிக்கலாம். மறைத்தும் வைத்துக்கொண்டு, அதையே ஆதாரமாகவும் காட்ட இயலாது.

இத்தேர்வு முறை இன்று அந்நாட்டின் உரிமையியல் நடைமுறை விதிகளின் 47-ஆம் பகுதியைச் சார்ந்த நடைமுறைக் குறிப்பிலும் இடம்பெற்றுள்ளது. மேலும், 1988-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஒரு பாதுகாப்பும் அளித்தது. செலவு வழக்கின் பொருட்டுக் காட்டப்பட்ட தாள் அவ்வொரு காரியத்துக்காக மட்டுமே காட்டப்பட்டதாகும். அதன் பின்னர் வேறிடத்தில் மறைகாப்பு உரிமையை அதற்கு மீண்டும் கோரலாம். விருந்தாளிக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டவர் வீடு முழுவதையும் தானம் செய்தவர் ஆகார் அன்றோ!

இத்தேர்வு முறையின் அறம் எங்கே உள்ளது? இரகசியம் காப்பதற்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை எவர் தருவது என்பதுதான் கேள்வி. முழுவதையும் மூடிவைக்கும் முறையில் அதனைத் தோற்றவர் தருகிறார். அதாவது, தமக்குப் பயனில்லாத ஓர் இரகசியத்துக்காக அவர் காணாத கணக்கைச் செலுத்துகிறார். தேர்வு முறையிலோ, இரகசியத்தால் பயன் பெறுபவரே அதன் விலையைத் தருகிறார். காக்க விரும்பினால் காத்துக்கொள்ளலாம். எவரும் பறிக்க மாட்டார். ஆனால் அதற்காகத் தம் கோரிக்கையின் ஒரு பகுதியை இழக்க நேரலாம். உரிமை என்பது நம்மைக் காக்கும் கேடயம். அதையே பிறர் பையிலிருந்து பணம் எடுக்கும் கருவியாக்கினால் அது உரிமையின் எல்லையைக் கடந்துவிடுகிறது.

இத்துடன் நிறுத்திவிடலாம் எனத் தோன்றும். ஆனால் நம்மைச் சிந்திக்க வைக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. தேர்ந்துகொள்ளச் சொல்வது எளிது. தேர்ந்துகொள்பவர் யார்?

சாலை விபத்தில் காயமுற்ற ஒரு பெண்மணியை எண்ணிப் பார்ப்போம். அவர் தம் சொலிசிட்டரிடம் தம் நோயைப் பற்றியும் குடும்பத் துயரைப் பற்றியும் பேசியிருக்கிறார். அப்பேச்சு நீண்டதனால் பட்டியலில் மணிக்கணக்கும் நீண்டிருக்கிறது. வழக்கில் வென்றார், இழப்பீடும் பெற்றார். இப்போது எதிர்த் தரப்புக் காப்பீட்டு நிறுவனம், “இத்தனை மணி நேரம் என்ன பேசினீர்கள்?” என்று கேட்கிறது. தாளைக் காட்டினால் செலவுத் தொகை கிடைக்கும். அத்தொகை யாரிடம் போய்ச் சேரும்? பெரும்பகுதி சொலிசிட்டரிடம் போய்ச் சேரும். ஆனால் தாளில் இருப்பதோ அப்பெண்மணியின் துயரம். அமானிதம் ஒருவருடையது, அதனைத் திறப்பதால் வரும் பணம் மற்றொருவருடையது. அவர் சார்பில் நீதிபதி முன் நின்று, “காட்டுகிறோம்” என்றோ “காட்ட மாட்டோம்” என்றோ சொல்பவரும் அந்த மற்றொருவரே!

சட்ட நூல்கள் மறைகாப்பு உரிமை கட்சிக்காரருக்கே உரியது என்று ஐயமின்றிச் சொல்கின்றன. ஆயினும், வழக்கு முடிந்து, இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு, தம் வாழ்க்கைக்குத் திரும்பிவிட்ட ஒருவரை மீண்டும் அழைத்து, “உங்கள் இரகசியம் இது, இதனைத் திறந்தால் எங்களுக்கு இவ்வளவு கிடைக்கும், திறவாவிடில் உங்களுக்கு இன்ன இழப்பு நேரலாம், நேராமலும் இருக்கலாம்” என்று முழுமையாக விளக்கிச் சொல்வதற்கு நேர்மை மிக்க நெஞ்சம் வேண்டும். விளங்காமல் இட்ட கையொப்பம் சம்மதம் ஆகாது. பொருளை ஒப்படைத்தவரின் உளமார்ந்த இசைவின்றி, அப்பொருளைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்துபவரை நாம் எப்பெயரால் அழைப்போம் என்பதை வாசகர்களே அறிவர். தேர்வு முறை நல்லது. ஆனால் தேர்பவர் உண்மையில் உரியவராக இருக்க வேண்டும். இன்றேல் முறை மட்டும் எஞ்சும், அறம் இராது.

இனி, கையொப்பத்தைப் பற்றி ஒரு சொல். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், செலவுப் பட்டியலில் சொலிசிட்டர் இடும் கையொப்பத்துக்குப் பெரும் மதிப்பளித்தது. சொலிசிட்டர் நீதிமன்றத்தின் அலுவலர் ஆவார். அவர் கையொப்பமிட்டால், கட்சிக்காரர் கொடுக்கக் கடமைப்பட்டதற்கு மேல் கேட்கவில்லை என்று அவரே உறுதி கூறுவதாகப் பொருள். அது பொய்யாயின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார். எனவே, மெய்யான ஐயம் எழாதவரை அக்கையொப்பத்தை நம்பலாம் என்பது கருத்து. கோரிக்கையாளர் மீது அத்தாட்சியும் மறுப்பவர் மீது சத்தியமும் என்னும் நம் ஃபிக்ஹின் பாகுபாட்டைப் பயின்றோர், இங்கு ஒரு விந்தையைக் காண்பர். இங்கே கோரிக்கையாளரின் சொலிசிட்டர் ஏறத்தாழ ஒரு சத்தியத்தின் துணையால் அத்தாட்சியின் சுமையைக் குறைத்துக்கொள்கிறார். அவ்வாறு சுமை குறைந்தவரின் பொறுப்பு இருமடங்காகிறது. சான்றைச் சோதிக்கப் பிறர் உண்டு. தனித்து இடும் கையொப்பத்தைச் சோதிப்பது அவருடைய நெஞ்சம் ஒன்றே.

கையொப்பம் எல்லாவற்றுக்கும் போதுமா? போதாது என்பது 2003-ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. அந்நாட்டில், ‘வென்றால் கூலி, தோற்றால் இல்லை’ என்னும் உடன்பாடுகள் 1995 முதல் நடைமுறைக்கு வந்தன. வென்றால் வழக்கமான கூலிக்கு மேல் நூற்றுக்கு நூறு வரை மிகையூதியமும் பெறலாம். 2000 ஏப்ரல் முதல் அம்மிகையூதியத்தையும் தோற்றவர் தலையில் சுமத்தலாம் என்று சட்டம் இடங்கொடுத்தது. இது 2013 ஏப்ரலில் பொதுவாக நீக்கப்பட்டது. அவ்வுடன்பாடுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் விதிகள் வகுத்திருந்தன. விதி தவறினால் உடன்பாடு செல்லாது. செல்லாத உடன்பாட்டால் கட்சிக்காரர் ஒன்றும் தரக் கடமைப்படார். கட்சிக்காரர் கடமைப்படாததைத் தோற்றவரும் தர வேண்டியதில்லை. இதைப் பற்றிக்கொண்டு காப்பீட்டு நிறுவனங்கள், “உடன்பாட்டைக் காட்டு” என்று வழக்குதோறும் கேட்கலாயின. பல வழக்குகளை ஒன்றாக விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு பாகுபாட்டைச் செய்தது. கூலி உடன்பாட்டைப் பொதுவாகக் காட்டவேண்டும். அன்றேல் தேர்வு முறைக்கு உட்படவேண்டும். ஆனால், கட்சிக்காரருடன் பேசிய பேச்சின் குறிப்புகளை மெய்யான ஐயம் எழுந்தாலொழியக் காட்டவேண்டியதில்லை.

இப்பாகுபாடு நமக்குப் பெரும் வெளிச்சம் தருகிறது. இரகசியம் என்று நாம் கட்டி வைத்திருக்கும் மூட்டையில் இருவகைப் பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மனிதர் மனம் திறந்து சொன்னது. மற்றொன்று, மனிதர் பொருளுக்குச் செய்த ஒப்பந்தம். முன்னது காக்கத்தக்கது. பின்னது, பிறரிடம் பணம் கேட்கும் அக்கணத்திலேயே வெளிச்சத்துக்கு உரியதாகிவிடுகிறது. பல வேளைகளில் மனிதர் பின்னதை மறைப்பதற்காகவே முன்னதன் புனிதத்தைக் கேடயமாகப் பிடிக்கின்றனர்.

இப்பூசலுக்கு மற்றொரு முகமும் உண்டு. கட்சிக்காரரே தம் சொலிசிட்டரின் கூலியை எதிர்த்து நின்றால் என்ன? 1974-ஆம் ஆண்டின் சொலிசிட்டர்கள் சட்டப்படி, பட்டியல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் கேட்டால் அதனை நீதிமன்றம் மதிப்பிடுவது அவர் உரிமை. அதன் பின் நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். ஓர் ஆண்டு கடந்தால் தனிச் சூழ்நிலை வேண்டும். இங்கே கட்சிக்காரருக்கு எதிராகச் சொலிசிட்டர் மறைகாப்பு உரிமையைச் சொல்ல இயலாது. உரிமையாளரிடமிருந்தே உரிமையாளரின் இரகசியத்தை மறைப்பது எங்ஙனம்? ஆயினும், தாள் யாருடைய உடைமை என்னும் வேறொரு வினா குறுக்கிடுகிறது. சொலிசிட்டர் தமக்காக எழுதி வைத்துக்கொண்ட தாள்கள் அவருடைய உடைமையே. அவற்றைக் கட்சிக்காரரிடம் தருமாறு அச்சட்டத்தின் கீழ் ஆணையிடத் தமக்கு அதிகாரமில்லை என்று 2018-இல் உயர் நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் எல்லை அது. அறத்தின் எல்லையோ அதனினும் அகன்றது. தாள் தம்முடையதாயினும், அதிலுள்ள செய்தி எவரைப் பற்றியது, கூலி எவரிடமிருந்து வருகிறது என்பதை எண்ணிப் பார்க்கும் நேர்மையாளர், நீதிமன்றம் கட்டளையிடும் வரை காத்திரார்.

அண்மையில் இச்சிக்கலை வேரோடு களையும் முயற்சியும் நடந்துள்ளது. 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, ஒரு இலட்சம் பவுண்டு வரை மதிப்புள்ள பெரும்பாலான உரிமையியல் வழக்குகளுக்கு இன்ன கட்டத்துக்கு இன்ன தொகை என்று செலவு நிலையாக வரையறுக்கப்பட்டுவிட்டது. மணிக்கணக்கும் இல்லை, ஆகவே தாளைக் காட்டு என்னும் கேள்வியும் அரிதாகிவிடும். இரகசியம் பிழைத்தது; பூசலும் குறைந்தது. ஆனால், சிக்கலான ஒரு வழக்கில் நேர்மையாக நூறு மணி நேரம் உழைத்தவருக்கும், எளிதாகப் பத்து மணி நேரத்தில் முடித்தவருக்கும் ஒரே தொகைதான். எஞ்சிய செலவைச் சில வேளைகளில் காயமுற்றவரே தம் இழப்பீட்டிலிருந்து தர நேரும். அளந்து கொடுப்பதில் இரகசியத்துக்கு ஆபத்து. அளவாமல் கொடுப்பதில் நியாயத்துக்கு ஆபத்து. எவ்வழியிலும் ஏதேனும் ஒன்றை இழக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கும் இவ்வுரிமை ஆங்கிலச் சட்டத்திலிருந்தே வந்தது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்ற இப்பாதுகாப்பு, 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. ஆயினும், இந்திய நீதிமன்றங்களில் தோற்றவர் தரும் செலவு பெரும்பாலும் சிறு தொகையாகவே இருந்து வருவதால், கோப்பைத் திறக்கும் அளவுக்குப் பூசல் முற்றுவதில்லை.

அப்படியாயின் இவ்வாராய்ச்சியால் நமக்கு என்ன பயன் என வாசகர் கேட்கலாம். ஒரு ஜமாஅத்தின் பொருளாளரை எண்ணுக. ஊரார் தந்த பணத்திலிருந்து வறியவர் வீடுகளுக்கு அவர் உதவி செய்கிறார். ஆண்டு முடிவில் கணக்குக் கேட்கின்றனர். பெற்றவர் பெயர்களைப் படித்தால் மானமுள்ள குடும்பங்கள் தலைகுனிந்து நிற்கும். “கொடுத்துவிட்டோம்; எவருக்கு என்று கேட்காதீர்” என்றால், நல்ல பொருளாளருக்கும் கள்ளப் பொருளாளருக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். மேலே கண்ட பாடங்கள் இங்கும் பொருந்துகின்றன. தொகையையும் தேதியையும் எல்லார்க்கும் காட்டலாம், பெயரைக் காக்கலாம். ஐயம் எழுந்தால், அவருக்கு வேண்டியவர் ஒருவரும், ஐயம் கிளப்பியவர்களின் நம்பிக்கைக்குரியவர் ஒருவரும் ஒன்றாக இருந்து பெயர்ப் பட்டியலைப் பார்க்கலாம். எதையும் எவருக்கும் காட்ட மாட்டேன் என்று அவர் முடிவு செய்தால், அந்தத் தொகையைத் தம் கையிலிருந்து ஈடு செய்யும் துணிவும் அவருக்கு வேண்டும். ஏழையின் மானத்தைத் தம் கணக்கின் ஓட்டைக்கு ஒட்டுத் துணியாகப் பயன்படுத்தும் உரிமை அவருக்கில்லை.

ஆகவே, அமானிதமும் அத்தாட்சியும் மோதும் இடத்தில் நாம் நான்கு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். மறைக்கப்படுவது மனம் திறந்து சொன்ன சொல்லா, அல்லது பணத்தின் அளவா? அவ்விரகசியம் உண்மையில் யாருடையது? அதனைத் திறப்பதாலோ மூடுவதாலோ வரும் ஆதாயம் யாரைச் சேர்கிறது? காப்பதன் விலையை யார் கொடுக்கிறார்? இக்கேள்விகளுக்கு நேரிய விடை கிடைத்தால், பெரும்பாலான பூசல்களில் தாளைத் திறக்கும் தேவையே எழாது. விடை சொல்ல ஒருவர் தயங்குவாராயின், அவர் காப்பது அமானிதத்தைத்தானா என்று ஐயுறுவதில் தவறில்லை.